அடுத்த அலையைக் கேட்கும் உள்ளான்

கடலுக்கும் கரைக்கும் பேச்சுவார்த்தை முறியாமல் இருந்த அந்தக் காலத்தில், தெற்கே சங்குமுனை என்று ஒரு ஊர் இருந்தது. அங்கே அலை பேசும், காற்று பேசும், நண்டும் பறவையும் பேசும். மனிதர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பதிலும் சொல்வார்கள்.

அந்த ஊர் அலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. கரையிலிருந்து ஒரு பாறைத்தொடர் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும். தெற்கே எங்கோ பிறந்து வருகிற அலை அந்தப் பாறை நுனியைத் தொட்டதும் நின்று, நிமிர்ந்து, முனையைச் சுற்றி வளையும். மற்ற ஊர் அலைகளைப்போல மொத்தமாகத் தடாலென்று விழாது. நுனியில் மட்டும் உடைந்து, அங்கிருந்து வாழைப்பட்டையை உரிப்பதுபோல ஒரு பக்கமாக உரிந்துகொண்டே கரைவரை வரும். உடையாத பக்கம் பச்சையாக, வழவழவென்று, உள்ளே போகிற மீன் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும். அதைப் பார்த்தவன் சாப்பாட்டு வேளையை மறந்து நிற்பான். நானும் நின்றிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சங்குமுனைக்காரர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கடலுக்குப் போய்த் திரும்பும்போது கட்டுமரத்தை அந்த அலையின் தோளில் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் துடுப்புப் போட வேண்டியதில்லை. மரத்தின்மேல் எழுந்து நின்று, முழங்காலை லேசாக மடக்கி, துடுப்பைப் பின்னால் பிடித்துத் திசை காட்டினால் போதும். அலையே கொண்டுவந்து மணலில் இறக்கிவிடும். பெண் கொடுக்க வருகிற வெளியூர்க்காரர்கள் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால், அவன் அலையில் வந்து இறங்குகிற அழகைத்தான் பார்ப்பார்களாம்.

அதில் ஒரே ஒரு சிக்கல். அலையில் வருகிறவனுடைய முகம் கரையைப் பார்த்து இருக்கும், முதுகுதான் கடலைப் பார்த்து இருக்கும். பின்னால் என்ன வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. நாளைக்கு அலை எவ்வளவு, காற்று எப்படி என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அவன் நிம்மதியாகக் கடலுக்குப் போக முடியும்.

அதைச் சொல்வதற்கு அங்கே ஓர் உள்ளான் இருந்தது.

உள்ளானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கையில் அடங்குகிற சின்னக் கடற்கரைப் பறவை. மேலே மணல் நிறம், அடியில் வெள்ளை, அலகும் காலும் கறுப்பு. இன்றைக்கு அது ஒரு நிமிஷம் நிற்பதில்லை. அந்தக் காலத்திலோ அது ஓடியதே கிடையாது. ஊர்ப் பெரியமனிதர் கல்யாண வீட்டுக்குள் நுழைவதுபோல மார்பை முன்னே தள்ளிக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைத்து நடக்கும்.

தினமும் பொழுது சாய்கிற வேளையில் உள்ளான் ஈரமணலில் இறங்கும். அலை வந்து ஓய்கிற விளிம்பில் குனிந்து நுரையில் காதை வைக்கும். கடல் மறுநாள் நிலவரத்தை மெல்லிய குரலில் சொல்லும். ஏன் அதனிடம் மட்டும் சொன்னது என்றால், போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியது அது ஒன்றுக்குத்தான். கடல் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது.

"தினமும் வந்து கேள். நேற்று இருந்த நான் இன்றைக்கு இல்லை. அதை மட்டும் மறந்துவிடாதே."

கேட்டு முடித்ததும் உள்ளான் பாறைமேல் ஏறும். ஊர் கீழே கூடி நிற்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு இப்படிச் சொல்லும்:

"நாளை அலை இடுப்பளவு. தெற்கிலிருந்து வரும். ஓர் அலைக்கும் மறு அலைக்கும் நடுவே எட்டு எண்ணலாம். ஐந்து அலை வந்தபின் கடல் சற்று ஓயும். விடியலில் கச்சான் காற்று நிலத்திலிருந்து மெல்ல வீசி அலையின் முகத்தை நிமிர்த்தி வைக்கும். உச்சிப்பொழுதுக்கு மேல் கடலிலிருந்து கொண்டல் எழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். ஆகையால் வெயில் உறைக்குமுன் கரையேறுங்கள். மழை இல்லை."

இடுப்பளவு என்று சொன்னால் இடுப்பளவுதான், தொடையளவு இல்லை. எட்டு என்றால் எட்டுதான், ஒன்பதாகாது. நண்டுகள் அது சொல்கிற கோட்டுக்கு இரண்டு முழம் மேலே தள்ளி வீடு தோண்டின. ஒரு சொட்டுத் தண்ணீர் வாசலைத் தாண்டியதில்லை. கருவாடு காயப்போடுகிறவர்கள் அதைக் கேட்டுப் பாய் விரித்தார்கள். இவ்வளவு சின்னத் தலைக்குள் இவ்வளவு பெரிய கடல் எப்படி அடங்கியது என்று யோசித்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஊரும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. தினம் ஒரு வீட்டிலிருந்து சிப்பிக்கறி வரும். உள்ளான் வாயைத் திறந்தால் நாய்கூடக் குரைப்பதை நிறுத்தும். இத்தனை புகழ்ச்சியைத் தாங்க அந்த மெல்லிய கால்களால் முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை.

ஒரு சித்திரை மாதம். அந்த வருஷம் கடல் அப்படி ஒரு சீராக இருந்தது. நாற்பது நாளாக ஒரே நிலவரம். இடுப்பளவு அலை, எட்டு எண்ணிக்கை, காலையில் கச்சான், மாலையில் கொண்டல். உள்ளான் போய்க் கேட்கும், கடல் அதையே சொல்லும், உள்ளான் வந்து அதையே சொல்லும்.

நாற்பத்தோராம் நாள் மாலை கடல் வெகுதூரம் வற்றி இறங்கியிருந்தது. அலை ஓய்கிற விளிம்பு எங்கேயோ இருந்தது. உள்ளான் அன்றைக்கு இரண்டு வீட்டுச் சிப்பிக்கறி சாப்பிட்டிருந்தது. அதற்குள் ஊரும் பாறையடியில் கூடிவிட்டது. உள்ளான் விளிம்பை ஒரு தடவை பார்த்தது. தன் வயிற்றை ஒரு தடவை பார்த்தது.

'போனால் கடல்தாய் என்ன சொல்லப்போகிறாள்? நேற்றுச் சொன்னதைத்தான் சொல்லப்போகிறாள்' என்று நினைத்தது. விளிம்புக்குப் போகாமல் நேரே பாறைமேல் ஏறியது.

"நாளையும் இன்று போலவே" என்றது. நெற்றி சுருங்கவில்லை, குரல் நடுங்கவில்லை. சொல்லி முடித்தபோது அதற்கே அது உண்மை மாதிரி இருந்தது.

கூட்டத்தில் முப்பிடாதி நின்றுகொண்டிருந்தாள். மாசானத்தின் மனைவி. ஊரிலேயே இறுக்கமாகக் கட்டுமரம் கட்டுகிறவள் அவள்தான். மாசானம் அந்த மரத்தில் ஏறி வருகிற அழகை அவன் இல்லாத இடத்தில் மட்டும் புகழ்வாள். மறுநாளைக்கு மறுநாள் அவள் தங்கைக்குப் பரிசம் போடுவதாக இருந்தது. வருகிற சம்பந்திகளுக்குப் பெரிய பாரை மீன் குழம்பு வைக்க வேண்டும் என்று ஆசை. பெரிய பாரை, கரைக்குப் பக்கத்தில் கிடைக்காது. தூரப் பார் என்று சொல்கிற கடலடிப் பாறைக்குப் போக வேண்டும். போனால் திரும்ப உச்சிப்பொழுது தாண்டிவிடும்.

"உள்ளானே, ஒரு சங்கதி கேக்கணும்" என்றாள். "எங்க வீட்டுக்காரரு நாளைக்குத் தூரப் பாருக்குப் போனா, திரும்பி வார நேரத்துல கொண்டலு எழும்பிருமே. தாங்குமா?"

தெரியாது என்று சொல்ல ஒரு வார்த்தைதான் ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பாறைமேல் நின்றுகொண்டு உள்ளான் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழகியதில்லை.

"தாராளமாகப் போகலாம். நாளை கொண்டல் சோம்பலாகத்தான் எழும்" என்றது. நேற்றைய நிலவரத்தில்கூட இல்லாத சங்கதி அது. பேசிய வேகத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

மறுநாள் விடியலில் மாசானம் கட்டுமரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நின்றான்.

"ஏட்டி, நாப்பது நாளா ஒரே மாதிரி கெடக்கு. எனக்கு என்னமோ சரியாப் படல" என்றான்.

"உள்ளானே சொல்லிட்டுல்லா, பின்ன என்ன? நீங்க என்னமோ கடலப் பெத்தவரு மாதிரி நிக்கிய. போயிட்டு வெரசா வாங்க."

அவன் சிரித்துக்கொண்டே போனான். மற்ற கட்டுமரங்கள் பக்கத்துப் பாரில் வலை போட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொன்றாக அலையேறிக் கரைக்கு வந்தன. மாசானம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தான்.

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. காற்றும் இதமாக இருந்தது. உள்ளான் பாறைமேல் இளவெயிலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது.

"ஓய் உள்ளானே" என்று கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு நண்டு தன் வளை வாசலில் கொடுக்கை இடுப்பில் வைத்தமாதிரி நின்றுகொண்டிருந்தது. "நீரு சொன்ன கோட்டுக்கு ரெண்டு முழம் மேலதான நான் வீடு தோண்டுனேன்? இங்கன பாரும், நடு வீட்டுல தண்ணி நிக்கு."

"ஏதாவது தெறித்திருக்கும் நண்டாரே" என்றது உள்ளான், கண்ணைத் திறக்காமல்.

"தெறிச்ச தண்ணியா இது? புள்ளையளத் தூக்கி வெளிய வச்சிருக்கேன். வந்து பாத்துட்டுப் பேசும்."

உள்ளான் எரிச்சலோடு கண்ணைத் திறந்தது. அலை பார்வைக்குச் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் கரையில் சாய்ந்த பிறகு நிற்காமல் மேலே மேலே ஏறிவந்தது. முடிகிற இடத்தில் முடியவில்லை. உள்ளான் எண்ண ஆரம்பித்தது. எட்டு எண்ணி முடித்தது, அடுத்த அலை வரவில்லை. பத்து. பதினைந்து. பதினெட்டில்தான் வந்தது. மறுபடி எண்ணியது. மறுபடியும் பதினெட்டு.

இவ்வளவு இடைவெளி விட்டு வருகிற அலை பக்கத்தில் பிறந்த அலை இல்லை என்று உள்ளானுக்குத் தெரியும். எங்கோ கண்காணாத தூரத்தில் பெருங்காற்று அடித்தால்தான் அப்படிப்பட்ட அலை பிறக்கும். அந்தக் காற்று நம் ஊருக்கு வராது, மேகமும் வராது. அலை மட்டும் நாள்கணக்கில் நடந்து வந்துசேரும். எந்த அடையாளமும் காட்டாமல் திருடன் மாதிரி வருவதால்தான் தெற்கத்திக்காரர்கள் அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள்.

உள்ளான் பாறையிலிருந்து குதித்தது. விளிம்புக்குப் போய் நுரையில் காதை வைத்தது.

"நேற்று நீ வரவில்லை" என்றது கடல். கோபமாகச் சொல்லவில்லை. "இருட்டும் வரைக்கும் உனக்காகக் காத்திருந்தேன்."

உள்ளான் காதை இன்னும் நெருக்கி வைத்தது.

"உலகத்தின் தென்கோடியில், பனிக்கட்டி மிதக்கிற இடத்தில், ஏழு நாள் ஒரு பெரும்புயல் ஆடியது. அதன் பிள்ளைகள் அங்கிருந்து புறப்பட்டு நடந்து வருகிறார்கள். முன்னால் வருகிற சின்னவர்கள்தான் இப்போது நண்டின் வீட்டுக்குள் போனவர்கள். பெரியவர்கள் உச்சிப்பொழுதுக்கு வந்துவிடுவார்கள். நேற்று இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்."

"அவர்களைத் திருப்பி அனுப்பிவிடு, தாயே. வெளியே ஒருத்தன் இருக்கிறான். நான் சொன்னதை நம்பிப் போயிருக்கிறான்."

"பிறந்த அலையைத் திருப்பி அனுப்ப என்னாலும் ஆகாது" என்றது கடல். "போய்க் காத்திருக்கிறவளிடம் உண்மையைச் சொல். இன்னொன்றும் கேட்டுக்கொள். நாளைய நிலவரத்தை இனி உன்னிடம் சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வோர் அலைக்கும் தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியும். வேண்டுமானால் அவர்களிடம் கேள். கரையில் சாய்ந்து மணலில் கரைவதற்குள் கேட்டுவிட வேண்டும். கரைந்துவிட்டால் அவர்கள் இல்லை."

முப்பிடாதி வீட்டு வாசலில் அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள், பாரைக் குழம்புக்கு மசாலா அரைக்க. உள்ளான் அவள் முன்னால் வந்து நின்றது. அன்றைக்குத்தான் அது முதல்முறையாகத் தலையைக் குனிந்து பேசியது.

"நேற்று நான் கடலிடம் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னேன். கொண்டலைப் பற்றிச் சொன்னதும் நானாகச் சொன்னது. உச்சிப்பொழுதுக்குப் பெரிய அலை வருகிறது."

முப்பிடாதி அம்மியை விட்டுவிட்டு எழுந்தாள். அவள் முகத்தைப் பார்க்க உள்ளானால் முடியவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே அதன் கழுத்தைத் திருகியிருப்பேன். அவள் அப்படிச் செய்யவில்லை.

"ஒன்ன ஏசுததுக்குப் பொறவு நேரம் இருக்கு" என்றாள். "அவுக வார நேரமாச்சு. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

ஊர் கரையில் கூடியது. உச்சிப்பொழுது ஆனபோது பெரியவர்கள் வந்தார்கள்.

அதை எப்படிச் சொல்வது? அழுவதற்காக வந்த சனங்கள்கூட ஒரு நிமிஷம் அழுகையை மறந்துவிட்டார்கள். பாறை நுனியில் கடல் எழுந்து நின்றது. வீட்டுக் கூரைக்கு மேல் இன்னொரு கூரை உயரம். அன்றைக்கு உச்சிப்பொழுதிலும் கச்சான் ஓயாமல் நிலத்திலிருந்து வீசிக்கொண்டிருந்ததால் அலையின் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. உச்சியிலிருந்து நீர்த்தூள் பின்பக்கமாகப் பறந்தது, வெயில் பட்டு அதில் வானவில் விழுந்தது. உலகத்தின் கோடியிலிருந்து யாரும் பார்க்காமல் நடந்து வந்தவர்கள், பார்க்க ஆள் இருக்கிற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து நின்றார்கள். பிறகு விழுந்தார்கள். விழுந்த அதிர்வில் கரையில் கவிழ்த்து வைத்த பானைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

அந்த அலைகளுக்கு அப்பால் ஒரு சின்னப் பாய் தெரிந்தது. மாசானம் வந்துவிட்டான்.

அவன் இருக்கிற இடத்திலிருந்து அவனுக்கு அலையின் முதுகுதான் தெரியும். முதுகு வழவழவென்று ஒன்றுமறியாத மாதிரி இருக்கும். எதற்குப் பின்னால் எது வருகிறது என்று தெரியாமல் ஒரு பெரியவனின் முன்னால் மாட்டிக்கொண்டால் கட்டுமரமும் ஆளும் பாறையில்தான் போய்ச் சேர வேண்டும். காத்திருக்கலாம் என்றால், நீரோட்டம் அவனை மெல்ல மெல்லப் பாறைப் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது.

முப்பிடாதி வீட்டுக்கு ஓடி ஒரு துடுப்பை எடுத்து வந்தாள். முன்பெல்லாம் கரையில் துடுப்பை நிமிர்த்திப் பிடித்தால் பொறு என்று அர்த்தம், மணலில் படுக்க வைத்தால் வா என்று அர்த்தம். உள்ளான் நிலவரம் சொல்ல வந்த பிறகு யாரும் அதைச் செய்ததில்லை. ஆனாலும் மாசானத்துக்கு அது மறந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். துடுப்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் ஈரமணலில் நின்றாள்.

"போயி கேளு" என்றாள் உள்ளானிடம்.

உள்ளான் ஓடியது. பிறந்ததிலிருந்து ஓடாத பறவை, கால் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடியது. சாய்ந்து விரிகிற அலையின் நுனியைப் பிடித்துக் குனிந்து கேட்டது.

"உனக்குப் பின்னால் யார்?"

"என் அண்ணன்" என்றது அலை. சொல்லிவிட்டு மணலில் இறங்கி மறைந்தது.

உள்ளான் திரும்பி மேலே ஓடியது. அது மேலே ஓடிவருவதைப் பார்த்து முப்பிடாதி துடுப்பை இன்னும் உயர்த்திப் பிடித்தாள். அண்ணன் வந்து விழுந்தான். அவனுடைய நுரை அவள் முழங்காலைத் தள்ளியது. அவன் வடிந்து ஓய்கிற நேரத்தில் உள்ளான் அவன் பின்னாலேயே கீழே ஓடியது.

"உனக்குப் பின்னால்?"

"பெரியண்ணன்."

மறுபடி மேலே. மறுபடி கீழே. ஓர் அலை பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரம் கண்ணை இமைக்கிற நேரம்தான். கொஞ்சம் முந்தினால் அலை மேலே விழுந்துவிடும், கொஞ்சம் பிந்தினால் பதில் மணலுக்குள் போய்விடும். இரண்டு தடவை உள்ளான் நுரைக்குள் உருண்டது. எழுந்து சிறகை உதறிவிட்டு மறுபடி ஓடியது. பாறைமேல் நின்று பேசியபோது அது இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

ஏழாவது அலை சாய்ந்தது. இருந்ததிலேயே பெரியது அதுதான்.

"உனக்குப் பின்னால் யார்?"

"அண்ணன்மார் எல்லோரும் வந்துவிட்டோம்" என்றது அந்த அலை, மூச்சு வாங்க. "எனக்குப் பின்னால் கடைக்குட்டித் தங்கை மட்டும் வருகிறாள். இடுப்பளவுதான் இருப்பாள். அடுத்த கூட்டம் வருவதற்கு நேரம் இருக்கிறது."

உள்ளான் மேலே ஓடவில்லை. விளிம்பிலேயே நின்றது.

"இப்போது வரச்சொல்" என்றது. "ஒரே ஒரு சின்ன அலைதான் வரும். அதற்குப் பிறகு இடைவெளி."

முப்பிடாதி துடுப்பை இறக்கவில்லை. இந்த வாயை நம்பித்தானே அவனை அனுப்பினாள்? துடுப்பைப் படுக்க வைத்துவிட்டால் அவன் பின்னால் பார்க்காமல் வந்துவிடுவான். அவள் சொன்னால் வருவான். காலையிலும் அப்படித்தான் போனான்.

"நெசமாவா?" என்று கேட்டாள்.

"நேற்றுக் கேட்காமல் சொன்னேன். இன்றைக்குக் கேட்டுச் சொல்கிறேன்" என்றது உள்ளான். திரும்பிக் கடலுக்குள் இன்னும் நாலு அடி நடந்து, பெரிய அலைகள் வந்து விழுந்த அதே இடத்தில், மார்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றது. தான் சொன்னது பொய்யாக இருந்தால் முதலில் சாகப்போவது தான்தான் என்று அந்தச் சின்ன முதுகு சொல்லியது.

முப்பிடாதி துடுப்பை மணலில் படுக்க வைத்தாள்.

தூரத்தில் மாசானம் பாயைச் சுருட்டினான். துடுப்பை நாலு போடு போட்டான். பாறை நுனியில் கடைக்குட்டி எழுந்தாள். இடுப்பளவு, பச்சை நிறம், வழவழப்பு. அவள் தோளில் கட்டுமரம் ஏறியது. மாசானம் எழுந்து நின்று முழங்காலை மடக்கினான். அலை பின்னால் உரிந்துகொண்டே வர, அவன் அதன் முன்னால் ஒரே கோடாகச் சறுக்கி வந்தான். கட்டுமரத்தின் மூக்கு மணலில் ஏறி நின்றது.

ஆட்கள் ஓடிப்போய் மரத்தையும் அவனையும் மேலே இழுத்தார்கள். உள்ளானை முப்பிடாதி கையில் அள்ளிக்கொண்டு ஓடினாள். அவர்கள் உலர்ந்த மணலுக்கு வந்து சேர்ந்தபோது அடுத்த கூட்டத்தின் மூத்தவன் முனையில் எழுந்து நின்றான். அவன் விழுந்த சத்தத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

சத்தம் அடங்கியதும் முப்பிடாதி மாசானத்தின் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"பாரை எங்க?"

"கனமா இருந்திச்சு. கடலுக்கே குடுத்துட்டேன்."

"நல்ல காரியம் செஞ்சிய" என்றாள். சொல்லிவிட்டு அவன் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பரிசத்துக்கு அவர்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்புதான் வைத்தார்கள் என்று கேள்வி.

கடல் சொன்ன சொல்லை மாற்றவில்லை. அன்று மாலை உள்ளான் போய் நாளைய நிலவரத்தைக் கேட்டபோது பதில் வரவில்லை. ஓர் அலை மட்டும் வந்தது. "எனக்குப் பின்னால் என் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கரைந்தது. உள்ளான் மேலே ஓடியது. தம்பி வந்தான். அவன் பின்னால் கீழே ஓடியது. பாறைமேல் அது மறுபடி ஏறவே இல்லை. நண்டுகள் அன்றோடு யாரையும் நம்புவதை விட்டுவிட்டு வீட்டை ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தன.

பேச்சுவார்த்தையும் காலப்போக்கில் நின்றுபோனது. அலை சொல்வது இப்போது நமக்குக் கேட்பதில்லை. சங்குமுனையில் இன்றைக்குப் பிள்ளைகள் வண்ணப் பலகையைத் தூக்கிக்கொண்டு அலையேற வருகிறார்கள். அலை எத்தனை அடி, எத்தனை நொடிக்கு ஒன்று, காற்று எந்தப் பக்கம் என்று வருகிற வாரத்து நிலவரம் முழுவதும் அவர்கள் கைப்பேசியில் இருக்கிறது. இருந்தும் ஒருவரும் வந்தவுடன் தண்ணீரில் இறங்குவதில்லை. பலகையை மணலில் படுக்க வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் கடலைப் பார்க்கிறார்கள். ஒரு கூட்டம் அலை வந்து போய், இடைவெளி வருகிறவரைக்கும் அந்த ஊரில் பொறுத்துத்தான் இறங்குவார்கள். கேட்டால் பழக்கம் என்பார்கள்.

அவர்களுக்கு முன்னால், நுரையின் விளிம்பில், மணல்நிறப் பறவை ஒன்று அலை வடியும்போது அதன் பின்னால் கீழே ஓடும், அடுத்த அலை வரும்போது அதற்கு முன்னால் மேலே ஓடும். இரை பொறுக்குகிறது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த ஒரு மாலை கேட்காமல் விட்ட கேள்வியைத்தான், அன்று தொடங்கி இந்த நிமிஷம்வரை, உள்ளான் ஒவ்வோர் அலையிடமும் ஓடி ஓடிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.